இங்கே பெருமூச்சு விடக் கூடாது

ஆய்வு நிலையத்தின் மூன்றாம் மாடியில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. அதற்கு மேலே சுவரில் சிவப்பு எழுத்தில் ஒரு பலகை: "இங்கே பெருமூச்சு விடக் கூடாது." புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிரித்தாலும் மூச்சு வெளியே வருமே என்று கிடங்கு அதிகாரி ஓடி வந்து அவர்களை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போவார்.

பலகையை மாட்டியவர் அவர்தான். சுத்தப் பைத்தியக்காரத்தனம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. பெட்டிக்குள் இருந்த புட்டிகளில் அசிரிடின் என்று ஒரு திரவம். அதன் ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு குட்டி வளையம்: இரண்டு கார்பன், ஒரு நைட்ரஜன், அவ்வளவுதான். இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் மூன்று பேரை நெருக்கி உட்கார வைத்தால் எப்படி இருப்பார்களோ, அப்படி இருக்கும் அந்த மூன்றும். எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டு அமிலம் பட்டால் போதும், ஒரு வளையம் திறந்துகொள்ளும். திறந்த முனை பக்கத்து வளையத்தைப் பிடிக்கும், அது திறந்து அடுத்ததைப் பிடிக்கும், புட்டி கொதித்து, மூடி கூரையைப் பார்க்கப் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு புட்டியின் அடியிலும் அமிலத்தை அடக்கும் காரத் துண்டு ஒன்றைப் போட்டு வைப்பார்கள்.

நாம் விடுகிற மூச்சில் கரியமில வாயு இருக்கிறது. ஈரத்தோடு சேர்ந்தால் அதுவும் ஓர் அமிலம்தான். இதுவரை வேதியியல். இதற்கு மேல் எல்லாம் கிடங்கு அதிகாரி. பேச்சுக்கு இவ்வளவு மூச்சு, பெருமூச்சுக்கு இவ்வளவு மூச்சு என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்து, "பேசலாம், பெருமூச்சு விடக் கூடாது" என்று சுற்றறிக்கை அனுப்பினார். எலுமிச்சம்பழம் வருகிறதா என்று எல்லாருடைய சாப்பாட்டுப் பையையும் மோந்து பார்த்துத்தான் மேலே விடுவார்.

அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவளை நிலையம் முழுவதும் வளையக்கா என்று கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும், யாருக்கும் ஞாபகம் இல்லை. ஒன்பது வருடமாக அவள் அங்கே தற்காலிகம். பதினொரு மாதத்துக்கு ஒரு உத்தரவு வரும், ஒரு மாதம் வீட்டில் இரு என்பார்கள், மறுபடி பதினொரு மாதம். ஒன்பது வருடம் பெருமூச்சே விடாமல் வேலை பார்ப்பது யாருக்கும் கஷ்டம். தற்காலிகமாக இருப்பவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

நிலையத்தின் தலையெழுத்து இரண்டாம் மாடியில், ஆட்சிக்குழுக் கூட்ட அறையில் எழுதப்பட்டது. நீள மேசை, பதினொரு உறுப்பினர்கள், குளிர்சாதனத்துக்காக நிரந்தரமாக அடைத்துவிட்ட சன்னல்கள். அந்தக் கட்டடத்தில் சன்னலுக்குக்கூட நிரந்தரம் கிடைத்துவிட்டது. கூட்ட முறை நாற்பது வருடமாக மாறவில்லை. தலைவர் ஒரு பொருளைப் படிப்பார். "மறுப்பு உண்டா?" என்பார். மூன்று மூச்சு விடும் நேரம் காத்திருப்பார். மௌனம் சம்மதம். விரல் முட்டியால் மேசையில் ஒரு தட்டு. சுருக்கெழுத்தர் "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதுவார்.

அடைத்த அறையில் பதினொரு பேர் மூச்சு விட்டால் என்ன ஆகும்? நாலாவது பொருளுக்குள் பத்துப் பேர் தூங்கிவிடுவார்கள். அதனால் ஒரு குறையும் வந்ததில்லை. முக்கியமான விஷயங்களை ஐந்துக்கு மேல் வைப்பார்கள், சாப்பாட்டு மணிக்குள் இருபத்துநாலு பொருளும் நிறைவேறிவிடும். விதிப்புத்தகத்தின்படி உறுப்பினர் மட்டுமல்ல, அறையில் இருக்கிற நிரந்தரப் பணியாளர் எவரும் மறுப்புச் சொல்லலாம். தற்காலிகப் பணியாளர் மட்டும் வாயே திறக்கக் கூடாது. திறந்தால் பணி ரத்து. நாற்பது வருடத்தில் யாரும் மறுக்கவில்லை, ஆகவே அந்த விதி புத்தகத்தில் பத்திரமாக இருந்தது.

எல்லாம் ஒரு புகைப்படத்தால் கெட்டது. நிலையத்தைப் பார்வையிட வந்த குழுவில் ஒருவன் கதவுக் கண்ணாடி வழியாகப் படம் எடுத்துவிட்டான். தலைவரைத் தவிர மற்ற பத்துப் பேரும் தலையைப் பின்னால் சாய்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்த அந்தப் படம் மறுநாள் பத்திரிகையில் வந்தது. கீழே "ஆராய்ச்சி தொடர்கிறது" என்று ஒரு வரி. தலைவருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. காப்பியைக் கூட்டிப் பார்த்தார், நாற்காலி மெத்தைகளைப் பிடுங்கிப் பார்த்தார். மரப்பலகை நாற்காலியிலும் அவர்கள் அயர்ந்து தூங்கினார்கள்.

அப்போதுதான் வளையக்கா அவர் அறை வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, அது தூக்கம் இல்லீங்க. மூச்சு. அவங்க விடற மூச்சையே அவங்க திரும்ப இழுக்கறாங்க. அதை எடுத்துட்டா முழிச்சிருப்பாங்க."

"எடுத்து எங்கே வைப்பே?"

"என் கோந்துல."

கோந்து என்று அவள் சொன்னது அந்த வளையங்கள் திறந்து கோத்துக்கொண்ட நீளச் சங்கிலியை. பாலி எத்திலீன் இமின் என்பது ஏட்டுப் பெயர். பார்த்தால் தேன் மாதிரி இருக்கும், கையில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. வளையமாக இருந்தபோது கரியமில வாயுவைக் கண்டு வெடித்த அதே நைட்ரஜன், சங்கிலியில் உட்கார்ந்ததும் அந்த வாயுவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். சூடு காட்டினால் விட்டுவிடும். சூடு காட்டக் காட்டக் களைத்துப்போவது ஒன்றுதான் அதன் குறை. வளையக்கா இன்னொரு கார்பன் கூடிய நான்கு முனை வளையத்தின் சங்கிலியையும் அதில் கலந்து, களைக்காத கோந்தாக்கியிருந்தாள். ஒன்பது வருட வேலை அது. வீட்டில் அவள் கணவனைத் தவிர அதை யாரும் பாராட்டியதில்லை. அவனுக்கும் முழுக்கப் புரிந்து பாராட்டினான் என்று சொல்ல முடியாது.

கோந்தை நுண்துளைப் பலகைகளில் ஊற வைத்து, கூட்ட அறையின் நான்கு சுவரிலும் பதித்தாள். பின்னால் சூட்டுக் கம்பி, கூரையோரம் காற்றை வெளியே தள்ளும் விசிறி. அரைவருடத்துக்கு ஒருமுறை ஆள் இல்லாதபோது சூடு காட்டி, விசிறியைப் போட்டு, சேர்ந்த வாயுவை வெளியே அனுப்பிவிட வேண்டும். இரண்டுக்கும் விசைகள் மூலையில் ஒரு நாற்காலிக்குப் பக்கத்தில். நாற்காலி அவளுக்கு, கூட்டம் நடக்கும்போது பலகைகளைக் கவனிக்க. வேலையில் அவளுக்குக் கொஞ்சம் வீம்பு உண்டு. தேவைக்கு நான்கு மடங்கு பலகை வைத்தாள்.

முதல் கூட்டத்திலேயே பதினொரு பேரும் பளிச்சென்று விழித்திருந்தார்கள். தலைவருக்குக் கண் கலங்கியது. எல்லார் முன்னாலும் சொன்னார்: "இந்த அம்மாவை நிரந்தரம் பண்றோம். அடுத்த கூட்டத்துல பொருளா வைக்கறேன்." வைத்தார். பொருள் பதினேழு.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை அங்கேதான் தொடங்கியது. அடுத்த கூட்டத்தில் பொருள் ஒன்று, போன கூட்டத்தின் குறிப்பை ஏற்பது. நாற்பது வருடத்தில் முதல்முறையாக ஒருவர் அதைப் படித்துப் பார்த்தார். பார்த்து, "நான் இப்படிச் சொல்லவே இல்லையே" என்றார். "நீங்க சொல்லல, நான்தான் சொன்னேன்" என்றார் அடுத்தவர். ஒரு வாய் திறந்து அடுத்த வாயைத் திறக்க, அது அதற்கடுத்ததைத் திறக்க, கிடங்கு அதிகாரி ஒன்பது வருடமாக மூன்றாம் மாடியில் பயந்துகொண்டிருந்தது இரண்டாம் மாடியில் நடந்துவிட்டது. சாயங்காலம் வரை பொருள் ஒன்று. அதற்கடுத்த நான்கு மாதம் பொருள் இரண்டு: வாசல் மிதியடி பச்சையா, பழுப்பா.

வளையக்கா தலைவரைப் போய்ப் பார்த்தாள்.

"ஐயா, வர்ற பத்தொன்பதாம் தேதி எனக்கு நாப்பத்தஞ்சு முடியுது. அதுக்கப்புறம் நிரந்தரம் பண்ண விதியில இடமே இல்லை. பதினெட்டாம் தேதிக் கூட்டம்தான் கடைசி. என் பொருளைக் கொஞ்சம் முன்னாடி கொண்டு வர முடியுமா?"

"தாராளமா. ஆனா வரிசையை மாத்தக் குழு ஒப்புதல் வேணும்மா. அதைப் பொருள் இருபத்தஞ்சா சேர்த்துடறேன்."

அவள் நன்றி சொல்லிவிட்டு மாடி ஏறினாள். நன்றி சொன்னதை நினைத்து அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது. பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபோது நெஞ்சில் ஒரு பெருமூச்சு முட்டியது. பலகையைப் பார்த்தாள். விழுங்கினாள்.

அவள் கணவன் பேருந்து ஓட்டுநர். சாயங்காலம் அவன் கீரை ஆய, அவள் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். நடுவில் நாத்தனார் தொலைபேசியில் வந்து, வழக்கம்போல் "என்ன அண்ணி, இன்னும் தற்காலிகம்தானா?" என்று விசாரித்தாள். அவள் தன் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் நிரந்தரமானவள். அதைச் சொல்லாமல் அவள் போனை வைத்ததில்லை.

"ஒம்போது வருஷங்க," என்றாள் வளையக்கா, போனை வைத்துவிட்டு. "நான் கேட்கறது என்ன? ஒரே ஒரு தட்டு. மேசையில ஒரு தட்டு."

"நீ எதுக்கும்மா அவங்களை எழுப்பின?" என்றான் அவன். "மழைக்குச் சன்னலை எல்லாம் அடைச்சுட்டா என் வண்டியில ஒரு சத்தம் இருக்காது. நான் எந்த வழியில போனாலும் ஒருத்தனும் கேட்க மாட்டான். சன்னலைத் திறந்தேன்னு வை, ஏன் மெதுவா போறே, ஏன் இங்கே திருப்பினேன்னு ஆளாளுக்கு ஓட்ட ஆரம்பிச்சுடுவாங்க."

அவள் ஒரு கீரைத் தண்டை எடுத்துக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். பலகைகளைப் பதித்து அரைவருடம் ஆகவில்லை, இன்னும் ஒருமுறைகூடச் சூடு காட்டவில்லை. முதல் கூட்டத்திலிருந்து இதுவரை பேசிய பேச்சு, கத்திய கத்தல், மிதியடி பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று மேசையைக் குத்திய ஆவேசம், எல்லாவற்றின் மூச்சும் நான்கு சுவரிலும் அப்படியே சேமிப்பில் இருக்கிறது. விசிறியைப் போடாமல் சூட்டை மட்டும் போட்டால், அவர்கள் விட்டது அவர்களுக்கே திரும்பும்.

ஆளைக் கொல்லும் அளவா என்று கணக்குப் போட்டாள். இல்லை. தூக்கம் வரும், தலை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். நம்பாமல் இன்னும் இரண்டு முறை போட்டாள். பிறகு மீந்த கோந்துத் துணியை முகக்கவசத்துக்குள் வைத்துத் தைத்தாள். இழுக்கும்போது துணி வழியாக இழுத்து, விடும்போது கவசத்தின் கீழ் ஓரத்தைத் தூக்கி விட்டால் அவளுக்கு ஒரு மணி நேரம் தாங்கும். தைக்கும்போது அவளுக்கு வெட்கமாக இருந்தது. தன் கையால் செய்த நல்ல பொருளை, அது தப்பாக நடந்துகொள்ள, தானே பழக்குகிறாள். ஆனால் நிறுத்தவில்லை.

பதினெட்டாம் தேதி. பதினொரு உறுப்பினர்கள், மேசை முனையில் சுருக்கெழுத்தர், ஒரு மூலையில் வளையக்கா, எதிர் மூலையில் கிடங்கு அதிகாரி. கிடங்கு அதிகாரி வந்ததற்குக் காரணம் பொருள் பதினெட்டு. அது அவர் கொடுத்தது: வளையப் பிரிவை மூடி, புட்டிகளை அழித்து, அந்த அறையில் எழுதுபொருள்களை அடுக்குவது. வளையக்காவுக்கு அது தெரியும். பதினேழே வராத இடத்தில் பதினெட்டு எங்கே வரப்போகிறது என்று இதுநாள்வரை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, முகத்துல துணி?" என்றார் தலைவர்.

"சளிங்கய்யா."

"பழுப்புன்னா அழுக்கு தெரியாது," என்று தொடங்கினார் மூத்த உறுப்பினர். அவருக்கு எண்பத்திரண்டு வயது, தூக்கத்தில் அந்தக் குழுவிலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது. விழித்த பிறகு பேச்சிலும் அப்படித்தான். "அழுக்கு தெரியக் கூடாதுன்னா மிதியடி எதுக்கு?" என்றார் நிதி உறுப்பினர். வளையக்கா கையைப் பின்னால் நீட்டிச் சூட்டு விசையைப் போட்டாள்.

கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மீன் கழுவிய தண்ணீர் போல லேசாக ஒரு வாடை வந்தது. மூத்த உறுப்பினர் "பழுப்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி "பழுப்பு" என்றார். மூன்றாவது முறை "ப" மட்டும் வந்தது. நிதி உறுப்பினரின் தலை பின்னால் சாய்ந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு வாய்களும் பிளந்துகொள்ள, அறையில் பழைய நாட்களின் அமைதி வந்தது. கிடங்கு அதிகாரி மோந்து பார்த்து, ஏதோ சொல்ல எழுந்தவர், எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்து குறட்டை விட்டார்.

வளையக்கா அப்போதுதான் எண்ணிப் பார்த்தாள். பதினொன்றாவது வாய் தலைவருடையது. அவரும் தூங்கிவிட்டார். அவர் எப்போதும் கடைசிவரை தாக்குப்பிடிப்பவர் என்ற நம்பிக்கையில் மூன்று முறை போட்ட கணக்கில் அவரைச் சேர்க்கவே இல்லை. படிக்க ஆள் இல்லாமல் எந்தப் பொருள் நிறைவேறும்? கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைக்கு நாற்பத்தைந்து. ஓவென்று அழலாம் போலிருந்தது.

"பொருள் மூணு," என்றார் தலைவர்.

கண் மூடியிருந்தது. வாய் மட்டும் பேசியது. நாற்பது வருடப் பழக்கம் தூக்கத்துக்கெல்லாம் நிற்குமா? "தண்ணீர்த் தொட்டி மூடி மாத்தறது. மறுப்பு உண்டா?" மூன்று குறட்டை. தட்டு. சுருக்கெழுத்தரின் தலை மார்பில் தொங்கிக்கொண்டிருந்தது, கை மட்டும் "ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதிக்கொண்டு போயிற்று. பொருள் நாலு, தட்டு. ஐந்து, தட்டு. ஒன்பதாவது பொருளின் தாள் தலைகீழாக இருந்தும் தலைவர் தடுமாறவில்லை. மாதக்கணக்காகத் தினமும் அதே பட்டியலைப் பார்த்து அவருக்கு எல்லாம் மனப்பாடம்.

வளையக்கா துணி வழியாக இழுத்து, தூக்கி விட்டு, இழுத்து, தூக்கி விட்டு, காத்திருந்தாள்.

"பொருள் பதினேழு. வளையப் பிரிவுப் பணியாளரை இந்த நொடி முதல் நிரந்தரம் செய்யறது. மறுப்பு உண்டா?"

ஒரு மூச்சு. இரண்டு. மூத்த உறுப்பினர் தூக்கத்தில் உதட்டைச் சப்பினார். மூன்று.

தட்டு.

கண்ணீர் இறங்கித் துணி நனைந்தது. நிரந்தரம். இனி பதினொரு மாதம் என்ற பேச்சு இல்லை, வீட்டில் இரு என்ற மாதம் இல்லை, நாத்தனாரின் போனை முதல் மணியிலேயே எடுக்கலாம். ஒன்பது வருடம் ஒரு தட்டுக்கு. சுருக்கெழுத்தரின் கை எழுதி முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொருள் பதினெட்டு," என்றார் தலைவர். "வளையப் பிரிவை மூடி, புட்டிகளை அழிக்கறது. மறுப்பு உண்டா?"

ஒரு மூச்சு.

விசிறியைப் போடலாம், ஆனால் அறை தெளியக் கால் மணி நேரம் ஆகும். வாயைத் திறக்கலாம். ஒரு நிமிடத்துக்கு முன்னால் அவளுக்கு வாய் கிடையாது, இப்போது விதிப்படி இருக்கிறது. ஆனால் கத்தினால் எல்லாரும் விழிப்பார்கள். விழித்தால் என்ன நடந்தது என்று கேட்பார்கள், பதினைந்து பொருளையும் செல்லாது என்பார்கள், பதினேழும் போகும், நாளைக்கு நாற்பத்தைந்து. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அவளுக்குத் தெரியாத பழமொழி அல்ல.

இரண்டாவது மூச்சு.

பேசாமல் இருந்தால் அவள் நிரந்தரம். எங்கே நிரந்தரம்? காகிதக் கட்டுகளுக்கும் பேனா டப்பாக்களுக்கும் நடுவில், வளையம் இல்லாத வளையக்காவாக, ஓய்வு பெறும் நாள்வரை. அந்தப் புட்டிகளில் எந்தப் புட்டி என்றைக்கு வந்தது, எது கொஞ்சம் கோபக்காரி, எது சாது என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் கேட்ட நிரந்தரம் இந்த வேலையில். வேலை வேறு, நிரந்தரம் வேறு என்று அவள் இத்தனை நாள் பிரித்துப் பார்த்ததே இல்லை.

தலைவரின் முட்டி மேலே எழுந்தது.

"மறுப்பு!" என்றாள். துணிக்குள் அது முனகலாக முடிந்தது. கவசத்தைப் பிய்த்து எறிந்து, ஒன்பது வருடம் சேர்த்து வைத்த அத்தனை மூச்சையும் இழுத்து, "மறுப்பு உண்டு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே சூட்டை அணைத்து விசிறியைப் போட்டாள்.

முட்டி அந்தரத்தில் நின்றது. தலைவர் ஒரு கண்ணைத் திறந்தார். நாற்பது வருடத்தில் அவர் காதில் விழாத சொல் அது. "ப..." என்று மூத்த உறுப்பினர் விட்ட இடத்திலிருந்து தொடங்கி, "...ழுப்புதான்" என்று முடித்து, விழித்துக்கொண்டார். அந்தச் சத்தத்தில் நிதி உறுப்பினர் விழித்தார், அவர் இருமியதில் அடுத்தவர். மேசையைச் சுற்றி ஒரு வட்டம் போய் வந்தது.

"எந்தப் பொருள்ல இருக்கோம்?" என்றார் தலைவர், மெதுவாக.

சுருக்கெழுத்தர் தன் குறிப்பைப் பார்த்தார். அவருக்கே வியர்த்தது. "பதினெட்டுங்கய்யா. பதினேழு வரைக்கும்..." இன்னொரு முறை பார்த்தார். "ஒருமனதா நிறைவேறியிருக்கு."

வளையக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அடிக்காகக் காத்திருந்தாள். பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சொல்வது? நான் தூங்கிவிட்டேன் என்று யார் சொல்வது? தூக்கமே வராத அறை என்று அவர்களே கையெழுத்துப் போட்ட சான்றிதழ் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. பத்திரிகைக்காரனை அழைத்துக் காட்டியும் ஆயிற்று.

"ஆமா," என்றார் நிதி உறுப்பினர், தொண்டையைச் செருமிக்கொண்டு. "மூணாவது பொருள்ல நான் ஆதரிச்சுப் பேசினேனே."

"அருமையாப் பேசினீங்க," என்றார் மூத்த உறுப்பினர். "நானும் அதைத்தான் நினைச்சுட்டிருந்தேன். மிதியடியும் முடிஞ்சுதே? பழுப்புதானே?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது எப்படி என்று அன்றைக்கு வளையக்கா நேரில் பார்த்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி சோறு போட்டு மூடினார்கள். கிடங்கு அதிகாரி மட்டும் எழுந்து, "ஒரு வாடை வந்துது, எனக்கு என்னமோ..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க தூங்கினீங்களா?" என்றார் தலைவர்.

"ஐயோ, இல்லீங்கய்யா!"

"அப்ப உட்காருங்க. பொருள் பதினெட்டு. மறுப்பு வந்திருக்கு. யாருது?"

"என்னுதுங்க," என்றாள் வளையக்கா, எழுந்து நின்று. "நிரந்தரப் பணியாளர்."

இந்த இரண்டு சொல்லைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. யாரும் கவனிக்கவில்லை. அதற்குள் பதினெட்டாவது பொருளின் மேல் ஒருவர் வாயைத் திறந்துவிட்டார்.

அது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பொருள் பதினெட்டு இன்னும் முடியவில்லை. புட்டிகளை அழிப்பதென்றால் எங்கே அழிப்பது, அழிக்கும்போது பெருமூச்சு விடலாமா, அடுக்கும் காகிதம் கோடு போட்டதா போடாததா என்று வாராவாரம் சாயங்காலம் வரை போகிறது. பேசிக்கொண்டிருக்கும்வரை மறுப்பு உயிரோடு இருக்கிறது. ஒரே ஒரு கூட்டத்தில் அவர்கள் கண்ணயர்ந்தால் போதும், தலைவர் வாய் தானாகப் படிக்கும், முட்டி தானாகத் தட்டும்.

அதனால் அரைவருடத்துக்கு ஒருமுறை போதும் என்றிருந்த பலகைகளுக்கு வளையக்கா இப்போது வாரந்தோறும் சூடு காட்டுகிறாள்.

"நிரந்தரமாயிட்டியே, இன்னும் என்னம்மா ஞாயித்துக்கிழமையும் கிளம்பறே?" என்றான் கணவன், அவள் செருப்பை மாட்டும்போது.

"அவங்க தூங்கிட்டா மூடிடுவாங்க. நான் இருக்கறவரைக்கும் அவங்க முழிச்சிருக்கணும்."

"அப்ப இதுதான் உன் வேலையா?"

அவள் யோசித்தாள். "ஆமாங்க. இதுதான் வேலை. நிரந்தரமா."

யாரும் இல்லாத கூட்ட அறை. சூட்டைப் போட்டு விசிறியைப் போட்டாள். மீன் வாடை வந்து போனது. போன கூட்டத்துச் சண்டை முழுவதும் கூரை வழியாக வெளியே போய் முடிந்ததும், சூட்டை அணைத்துப் பலகைகள் ஆறும்வரை காத்திருந்தாள். பதினொரு நாற்காலியும் காலி. மேலே மூன்றாம் மாடியில் அவளுடைய புட்டிகள் காரத் துண்டின் மேல் சமத்தாகக் கிடந்தன. நாளைக்குக் காலை பத்து மணிக்குப் பொருள் பதினெட்டு.

சுற்றிப் பார்த்தாள். சுவரில் சான்றிதழ் இருந்தது, கடிகாரம் இருந்தது. கூடாது என்று ஒரு பலகையும் இல்லை. கோந்துப் பலகைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்து, ஒன்பது வருடமும் ஏழு மாதமுமாக நெஞ்சில் கிடந்த பெருமூச்சை முழுக்க விட்டாள்.

அவள் செய்த கோந்து. ஒரு கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டது.